விண்மீன் நிறமாலைத் தரவு: முதல் ஆய்வுக்கு எந்தத் தொகுப்பை எடுப்பது?

முதுகலை இயற்பியல் ஆய்வுத் திட்டத்துக்கு வானியலை எடுக்க நினைக்கும் மாணவர்கள் பலர், தொலைநோக்கி நேரம் கிடைக்காதே என்று தயங்கிப் பின்வாங்கிவிடுகிறார்கள். விண்மீன் நிறமாலைகளைப் பொறுத்தவரை அந்தத் தயக்கம் இன்று தேவையே இல்லை. பெரிய ஆய்வகங்கள் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த தரவு கோடிக்கணக்கில் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ஒரு மடிக்கணினி, கொஞ்சம் பைதான், பெரிய கோப்புகளை இறக்கிக்கொள்ளும் அளவுக்கு இணைய இணைப்பு, இவை போதும். சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது. ரேவ், லாமோஸ்ட், அபோஜி, கலா, கையா என்று ஐந்து பெரிய தொகுப்புகள் கண் முன்னே நிற்கின்றன. கையில் இருப்பதோ ஒரு பருவம். எதை எடுப்பது?

பெரும்பாலானவர்கள் விண்மீன்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அது சரியான வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கேள்விக்கு எவ்வளவு துல்லியம் தேவை என்று ஒரு தாளில் முதலில் கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கே ஐந்தில் மூன்றைக் கழித்துவிடும்.

கணக்கு கடினமானதல்ல. விண்மீன் நம்மை நோக்கி வந்தாலோ விலகினாலோ அதன் நிறமாலைக் கோடுகள் டாப்ளர் விளைவால் இடம் மாறும். 8,500 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் உள்ள ஒரு கோடு, விநாடிக்கு 1 கி.மீ. வேகத்துக்கு 0.028 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே நகரும். அவ்வளவு சிறிய நகர்வைப் பிடிக்கப் பிரிதிறன், அதாவது அருகருகே உள்ள அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன், வேண்டும். ஒளியின் வேகத்தைப் பிரிதிறனால் வகுத்தால், கருவி எவ்வளவு வேகத்தை ஒரே புள்ளியாகக் குழப்பிக்கொள்கிறது என்பது தெரியும். லாமோஸ்டின் குறைந்த பிரிதிறன் 1,800. அதற்கு அந்த எண் விநாடிக்கு 166 கி.மீ. ரேவுக்கு 40, கையாவுக்கு 26, அபோஜிக்கு 13, கலாவுக்கு 11. நூற்றுக்கணக்கான கோடுகளைச் சேர்த்துப் பொருத்தும்போது இதன் சிறு பங்கு அளவுக்கு மையத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதால் உண்மையான பிழை இவற்றைவிடப் பல மடங்கு குறைவு. ஆனாலும் வரிசை மாறாது: லாமோஸ்டில் பிழை விநாடிக்கு 5 கி.மீ. அளவில், ரேவில் 1 முதல் 2 கி.மீ., அபோஜியிலும் கலாவிலும் நல்ல நிறமாலைகளுக்கு 0.1 கி.மீ. அளவில்.

இப்போது கேள்விகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பால்வழியின் தட்டைச் சூழ்ந்துள்ள ஒளிவட்டத்தில் விநாடிக்கு 300 கி.மீ. வேகத்தில் பாயும் பழைய விண்மீன்களைத் தேடுகிறீர்களா? 5 கி.மீ. பிழை ஒன்றும் செய்யாது. ஒரு திறந்த கொத்துக்குள், அதாவது ஒன்றாகப் பிறந்து சேர்ந்தே நகரும் கூட்டத்துக்குள், விண்மீன்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேகத்தில் அசைகின்றன என்று பார்க்க வேண்டுமா? அந்த அசைவே 1 கி.மீ.க்குக் குறைவு, லாமோஸ்டின் குறைந்த பிரிதிறன் தரவு அங்கே உதவாது. புறக்கோள் (வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்) தேடும் ஆசை இருந்தால், சூரியனை வியாழன் அசைக்கும் அளவு விநாடிக்கு சுமார் 12.5 மீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள். இந்த ஐந்தில் எதுவும் அதற்காகக் கட்டப்படவில்லை.

வேகம் மட்டுமல்ல, வெப்பநிலை, மேற்பரப்பு ஈர்ப்பு, உலோகச் செழுமை (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த தனிமங்களின் அளவு) மூன்றும் அதே நிறமாலையிலிருந்துதான் வருகின்றன. எந்த வெப்பநிலையில் எந்த அணு எவ்வளவு அயனியாகும் என்று 1920-ல் மேகநாத் சாஹா எழுதிய சமன்பாடு இல்லாமல் இந்தக் கணக்கு எதுவும் நகராது. இளங்கலையிலேயே படித்த அந்தச் சமன்பாடு இங்கே லட்சக்கணக்கான விண்மீன்கள் மேல் வேலை செய்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கையாவிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் எதை எடுத்தாலும் கையா கூடவே வரும். நிறமாலை நமக்குப் பார்வைக் கோட்டின் திசையில் உள்ள வேகத்தை, அதாவது ஆரத் திசைவேகத்தை மட்டுமே தரும். குறுக்கே போகும் வேகத்துக்கு, விண்மீன் ஆண்டுக்கு வானில் எத்தனை வில்விநாடி நகர்கிறது என்பதும் தொலைவும் வேண்டும்: வில்விநாடியில் உள்ள நகர்வை பார்செக்கில் உள்ள தொலைவால் பெருக்கி, 4.74-ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை கி.மீ. என்று கிடைக்கும். அந்த இரண்டையும் கையா தருகிறது. ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 2013 டிசம்பரில் ஏவிய இந்தத் தொலைநோக்கி 2025 ஜனவரி வரை வானத்தை அளந்தது. 2022 ஜூனில் வந்த அதன் மூன்றாவது வெளியீட்டில் 3.38 கோடி விண்மீன்களுக்கு ஆரத் திசைவேகமும் இருக்கிறது. மற்ற நான்கையும் கூட்டினாலும் இந்த எண்ணிக்கை வராது. முழு வானமும் அடங்கும், ஒரே கருவி, ஒரே முறை.

அப்படியானால் கையாவோடு நிறுத்திக்கொள்ளலாமே? மூன்று காரணங்களால் முடியாது. முதலாவது, பொலிவு குறையக் குறைய பிழை வேகமாக ஏறுகிறது. அதன் நிறமாலைமானிப் பொலிவெண் (எண் கூடினால் விண்மீன் மங்கல்) 12 உள்ள விண்மீனுக்கு 1.3 கி.மீ. பிழை என்றால், 14-க்கு 6.4 கி.மீ. அதற்கு மேல் மங்கலானவற்றுக்கு வேகமே இல்லை. இரண்டாவது, அது பார்க்கும் ஜன்னல் 8,450 முதல் 8,720 ஆங்ஸ்ட்ராம் வரை மட்டுமே. அயனியான கால்சியத்தின் மூன்று வலுவான கோடுகள் அங்கே இருப்பதால் வேகம் அளக்க அருமையான இடம். ஆனால் தனிமங்களின் விரிவான பட்டியலுக்குக் குறுகலானது. இந்த நிறமாலையிலிருந்து வெப்பநிலையும் உலோகச் செழுமையும் சுமார் 56 லட்சம் விண்மீன்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நிறமாலைகளையே வெளியிட்டது ஏறத்தாழ 10 லட்சம் விண்மீன்களுக்கு. மூன்றாவது, இந்த வெளியீட்டில் பெரும்பாலான விண்மீன்களுக்கு 34 மாத அளவீடுகளின் தொகுப்பாக ஒரே வேகம்தான் கிடைக்கும். எந்த நாளில் எவ்வளவு என்ற விவரம் அடுத்த வெளியீட்டில் வரும் என்றும், அது 2026 டிசம்பரில் என்றும் அறிவித்திருக்கிறார்கள். பருவம் முடியும் தேதியைப் பார்த்து அதற்குக் காத்திருக்கலாமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கையாவின் நிறமாலைமானியில், ஒரு விண்மீனின் ஒளியை மட்டும் உள்ளே விடும் பிளவு கிடையாது. நெரிசலான பகுதியில் பக்கத்து விண்மீனின் நிறமாலை மேலே விழுந்துவிடும். இரண்டாவது வெளியீட்டில் அசுர வேகத்தில் பறப்பதாகத் தெரிந்த சில விண்மீன்கள், தரையிலிருந்து மறுபடி அளந்தபோது சாதாரண வேகத்தில் போவது தெரியவந்தது. மூன்றாவது வெளியீட்டில் இதை நிறையவே சரிசெய்துவிட்டார்கள். இருந்தாலும் பால்வழித் தளத்துக்கு அருகே நம்ப முடியாத வேகம் கண்ணில் பட்டால், கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்கும் முன் அக்கம்பக்கத்தில் பிரகாசமான விண்மீன் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அபோஜி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் அப்பாச்சி பாயிண்ட்டில் உள்ள 2.5 மீட்டர் ஸ்லோன் தொலைநோக்கியில் 2011-ல் தொடங்கி, 2017 முதல் சிலியின் லாஸ் கம்பானாஸில் உள்ள இன்னொரு 2.5 மீட்டர் தொலைநோக்கியிலும் நடந்தது. வானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அலுமினியத் தகடு செய்து, விண்மீன் இருக்கும் இடங்களில் துளையிட்டு, 300 ஒளியிழைகளைக் கையாலேயே சொருகினார்கள். 2021 டிசம்பர் வெளியீட்டில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இருக்கின்றன.

இதன் தனித்தன்மை அகச்சிவப்பு. 1.51 முதல் 1.70 மைக்ரான் வரை பார்க்கிறது. பால்வழியின் மையத்தை மறைக்கும் தூசி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் இந்த ஒளியைத் தடுக்கிறது. அதனால் மையப் புடைப்பிலும் தளத்திலும் உள்ள செம்பெருமீன்கள் இதற்குத் தெரிகின்றன. அங்கே கலாவோ ரேவோ போக முடியாது. பிரிதிறன் 22,500. சுமார் 20 தனிமங்களின் அளவும் உண்டு.

இயக்கத்தையும் வேதியியலையும் சேர்த்துப் பார்ப்பதில் என்ன கிடைக்கும் என்பதற்கு 2018-ஐவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. சூரியனைச் சுற்றியுள்ள ஒளிவட்ட விண்மீன்களில் ஒரு பெரும் கூட்டம் விசித்திரமான பாதையில் போவது கையா தரவில் தெரிந்தது. பாதை மட்டும் இருந்திருந்தால் அது பால்வழியின் சொந்த விண்மீன்கள் ஏதோ கலக்கத்தில் சிதறியவை என்றும் வாதிடலாம். அதே விண்மீன்களை அபோஜியில் தேடினார்கள். மக்னீசியம் போன்ற தனிமங்கள் இரும்போடு ஒப்பிட்டால் பால்வழித் தட்டின் பழைய, தடித்த பகுதியில் உள்ள விண்மீன்களில் இருப்பதைவிடக் குறைவாக, தனி வரிசையில் இருந்தன. பெரிய விண்மீன்கள் வெடிக்கும்போது மக்னீசியம் சீக்கிரம் வந்துவிடும். இரும்பின் பெரும்பகுதி வெள்ளைக் குறுமீன் வெடிப்புகளிலிருந்து தாமதமாக வரும். ஆகவே அந்த வரிசை, மெதுவாக விண்மீன்களை உருவாக்கிய ஒரு சிறிய விண்மீன்மண்டலத்தின் அடையாளம். சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வழி விழுங்கிய அந்த மண்டலத்துக்குக் கையா-என்சலடஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்த வரைபடத்தை ஒரு முதுகலை மாணவர் தன் கணினியில் மறுபடி போட்டுப் பார்க்கலாம். வேண்டிய தரவு எல்லாமே பொதுவில் இருக்கிறது.

அபோஜியின் இன்னொரு பலம், தரவை வைத்திருக்கும் விதம். விண்மீனுக்கு ஒரு வரி என்று ஒரு பட்டியல்; ஒவ்வொரு முறை பார்த்ததற்கும் ஒரு வரி என்று இன்னொன்று. பல விண்மீன்களை மூன்று முறையோ அதற்கு மேலோ பார்த்திருக்கிறார்கள். வேகம் நாளுக்கு நாள் மாறினால் அது இரட்டை விண்மீன். குறை என்று சொன்னால், பட்டியலில் செம்பெருமீன்கள்தான் அதிகம். குளிர்ந்த குறுமீன்களின் (சூரியனைப் போல இன்னும் பெருமீனாகாதவை) தனிம அளவுகளை நான் அவ்வளவு நம்ப மாட்டேன்.

கலா இதற்கு நல்ல மாற்று. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் உள்ள 3.9 மீட்டர் தொலைநோக்கியில், ஒரே நேரத்தில் சுமார் 400 ஒளியிழைகளோடு, 28,000 பிரிதிறனில் நடந்தது. கண்ணுக்குத் தெரியும் பகுதியிலும் அதன் சிவப்பு விளிம்பிலுமாக நான்கு தனித்தனி ஜன்னல்கள். 2024 வெளியீட்டில் 9 லட்சத்து 17 ஆயிரம் விண்மீன்கள். தனிமங்கள் 32 வரை. அபோஜியிடம் இல்லாத ஒன்று இங்கே உண்டு: லித்தியத்தின் 6,708 ஆங்ஸ்ட்ராம் கோடு. சூரியனைப் போன்ற இளம் விண்மீன்களில் லித்தியம் இருக்கும், வயதாக ஆகக் கரையும். செம்பெருமீனில் அது ஏராளமாக இருந்தால் ஏன் என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை. பேரியம், யூரோப்பியம் போன்ற கனமான தனிமங்களுக்கும் கலாதான். இது அதிகம் பார்ப்பது நமக்கு அருகில் உள்ள விண்மீன்களை, அவற்றில் குறுமீன்களும் நிறைய. சூரியனின் அண்டைவீட்டாரைப் பற்றிய கேள்வி என்றால் அபோஜியைவிட இதைத்தான் எடுப்பேன்.

லாமோஸ்டின் பலம் வேறு. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் சிங்லாங்கில் உள்ள அந்தத் தொலைநோக்கியில் ஒரே நேரத்தில் 4,000 ஒளியிழைகள். பார்வைப் புலம் 5 பாகை அகலம். 3,700 முதல் 9,000 ஆங்ஸ்ட்ராம் வரை முழு நிறமாலையும் கிடைக்கும். 2 கோடிக்கும் மேற்பட்ட நிறமாலைகள் சேர்ந்துவிட்டன. மங்கலானவை, அரிதானவை, கார்பன் விண்மீன்கள், வெள்ளைக் குறுமீன்கள், உலோகம் மிகக் குறைந்தவை என்று வகைப்படுத்தும் வேலைக்கு இதுவே சரியான இடம். இயந்திரக் கற்றல் பழக வேண்டும் என்பவர்களும் இங்கே வரலாம். 2018 முதல் 7,500 பிரிதிறனிலும் பார்க்கிறார்கள், அதில் வேகப் பிழை வெகுவாகக் குறைகிறது. குறைந்த பிரிதிறன் தரவில் ஒரு முறையான விலகல் உண்டு: அபோஜியோடு ஒப்பிட்டால் வேகங்கள் விநாடிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. குறைவாக வருகின்றன. இரண்டையும் கலக்கும் முன் பொதுவான விண்மீன்களை எடுத்து நீங்களே இந்த விலகலை அளந்து திருத்த வேண்டும்.

லாமோஸ்டால் வந்த ஒரு கதை எல்லா மாணவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2019-ல் எல்பி-1 என்ற இரட்டையில் சூரியனைப் போல் 70 மடங்கு நிறையுள்ள கருந்துளை இருப்பதாக அறிவித்தார்கள். விண்மீனின் கோடுகள் ஒரு பக்கம் அசைய, ஹைட்ரஜனின் ஒளிரும் கோடு எதிர்ப்பக்கம் மிகச் சிறிதளவு அசைந்தது. அந்த ஒளி கருந்துளையைச் சுற்றியுள்ள வாயுவிலிருந்து வருகிறது என்று கொண்டு கணக்குப் போட்டார்கள். சில வாரங்களிலேயே மற்றவர்கள் காட்டினார்கள்: விண்மீனின் உறிஞ்சுகோடு அந்த ஒளிரும் கோட்டின் அடியில் ஒளிந்து நகர்வதாலேயே அது அசைவதுபோல் தெரிகிறது. 2020-ல் அது கருந்துளையே இல்லாத, இரண்டு விண்மீன்கள் கொண்ட அமைப்பாக விளக்கப்பட்டது. எந்தக் கோடு எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்பதை நிறமாலையைத் திறந்து கண்ணால் பார்க்காமல் பட்டியல் எண்ணை மட்டும் நம்பினால் நமக்கும் இதுதான் நடக்கும்.

ரேவ் இவற்றில் மூத்தது. 2003 முதல் 2013 வரை, அதே சைடிங் ஸ்பிரிங்கில், 1.2 மீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில் நான்கரை லட்சம் விண்மீன்களைப் பார்த்தது. 2007-ல் அதன் தரவிலிருந்துதான் நமக்கு அருகே பால்வழியை விட்டுத் தப்பிக்க விநாடிக்கு சுமார் 544 கி.மீ. வேகம் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளை மட்டும் வைத்து அவ்வளவு ஈர்ப்பு வராது. இன்று அதன் வேலைகள் பலவற்றைக் கையாவே செய்துவிடுகிறது. ஆனால் ரேவை ஒதுக்கிவிடாதீர்கள். அது பார்த்தவை பெரும்பாலும் 12-ஆம் பொலிவெண்ணுக்குள் அடங்கும் பிரகாசமான விண்மீன்கள். கையா அளந்த காலத்துக்குப் பல ஆண்டுகள் முந்தைய வேகம் இதில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே வேகம் பெரிதாக மாறியிருந்தால், நீண்ட சுற்றுக்காலம் உள்ள இரட்டை கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு. அதிகம் பேர் கை வைக்காத, ஒரு பருவத்துக்குள் முடிக்கக்கூடிய திட்டம் இது.

காவலூர் வானாய்வகத்தின் பெயரைக் கேட்டு வளர்ந்த தமிழ்நாட்டு மாணவர்களில் சிலர் வில்சன்–பாப்பு விளைவை எடுக்க ஆசைப்படுவார்கள். ஆலின் வில்சனும் வைணு பாப்புவும் 1957-ல் வெளியிட்டது: கால்சியத்தின் கே கோட்டின் நடுவே தெரியும் ஒளிர்வு எவ்வளவு அகலமோ, விண்மீன் அவ்வளவு பிரகாசமானது. கையா தரும் தொலைவோடு அதை மறுபடி சோதிப்பது அழகான திட்டம். ஆனால் அந்தக் கோடு 3,933 ஆங்ஸ்ட்ராமில் இருக்கிறது. ஐந்தில் லாமோஸ்ட் மட்டுமே அங்கே போகிறது, அதன் பிரிதிறனோ அந்த மெல்லிய ஒளிர்வின் அகலத்தை அளக்கப் போதாது. அதற்கு ஐரோப்பிய தெற்கு ஆய்வகத்தின் காப்பகத்தில் உள்ள, ஹார்ப்ஸ் என்ற உயர் பிரிதிறன் கருவியின் நிறமாலைகளைத் தேடுங்கள். நூறு விண்மீன்கள் கிடைத்தாலே போதும்.

எதை எடுத்தாலும் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம், அலைநீளம் காற்றிலா வெற்றிடத்திலா என்பது. அபோஜியும் லாமோஸ்டும் வெற்றிட அலைநீளத்தில் தருகின்றன, கலா காற்றில். தெரியாமல் கலந்தால் எல்லா விண்மீனும் விநாடிக்கு 80 கி.மீ.க்கு மேல் தவறாக வரும். அதே போல், பூமி சூரியனைச் சுற்றும் வேகமே விநாடிக்கு 30 கி.மீ. என்பதால், கோப்பில் உள்ள நிறமாலை ஏற்கெனவே சூரிய மண்டல மையத்துக்குத் திருத்தப்பட்டதா என்று விளக்கக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டியலிலும் எச்சரிக்கைக் குறிகளுக்கென்று தனி நெடுவரிசைகள் உண்டு. அவற்றைப் பார்க்காமல் வரைந்த வரைபடத்தை வழிகாட்டியிடம் காட்டாதீர்கள்.

என்னிடம் கேட்டால், குறிப்பிட்ட கேள்வி இன்னும் உருவாகாத மாணவருக்கு அபோஜியையும் கையாவையும் சேர்த்துத்தான் தருவேன். லித்தியம், கனமான தனிமங்கள், அருகில் உள்ள விண்மீன்கள் என்றால் கலா. அரிதானவற்றைத் தேடுவது, வகைப்படுத்துவது என்றால் லாமோஸ்ட். வேதியியலே வேண்டாம், பால்வழித் தட்டின் அசைவு மட்டும் போதும் என்றால் கையா ஒன்றே போதும், அதிலும் பொலிவெண் 12-க்குள் நின்றுகொள்வது நல்லது.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கடக ராசியில் எம்67 என்ற திறந்த கொத்து இருக்கிறது. வயது சுமார் 400 கோடி ஆண்டு, தொலைவு 850 பார்செக் அளவில், உலோகச் செழுமை ஏறத்தாழ சூரியனைப் போல. கையா, அபோஜி, கலா, லாமோஸ்ட் நான்கும் அதைப் பார்த்திருக்கின்றன. வானில் ஆண்டுக்கு மேற்கே 11, தெற்கே 3 மில்லி வில்விநாடி நகரும் விண்மீன்களைக் கையாவில் பொறுக்கி எடுத்தால் உறுப்பினர்கள் கிடைத்துவிடுவார்கள். எல்லாமே விநாடிக்கு சுமார் 34 கி.மீ. வேகத்தில் விலகிக்கொண்டிருக்க வேண்டும். நான்கு தொகுப்புகளிலும் அதே விண்மீன்களின் வேகத்தை நான்கு வரைபடமாகப் போடுங்கள். கொத்தின் உண்மையான அசைவு 1 கி.மீ.க்குக் குறைவு என்பதால், அதற்கு மேல் நீங்கள் பார்க்கும் அகலம் பெரும்பாலும் அந்தத் தொகுப்பின் பிழைதான்; 34-லிருந்து எல்லாமே சேர்ந்து விலகி நின்றால் அது அதன் முறையான விலகல். அப்புறம் அபோஜியில் மட்டும் தனியே விலகித் தெரியும் விண்மீன்களை எடுத்து, ஒவ்வொரு முறை பார்த்தபோதும் வேகம் என்ன என்று அந்த இரண்டாவது பட்டியலில் தேடுங்கள். வேகம் மாறிக்கொண்டே இருந்தால் அது இரட்டை. மாறாமல் நின்றால், கொத்துக்குச் சொந்தமில்லாத ஒன்று உங்கள் பட்டியலில் நுழைந்திருக்கிறது என்று பொருள்.